காத்திருப்பைக் கணக்கிட்ட மேதை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)



வரிசையில் நிற்காத மனிதர் உலகில் உண்டோ? நியாயவிலைக் கடையில் வரிசை, பேருந்து நிலையத்தில் வரிசை, அரசு மருத்துவமனையில் வரிசை, தேர்வுக் கட்டணம் கட்டும் சாளரத்தின் முன்னும் வரிசை. நிற்கும்போது சலித்துக்கொள்கிறோம், முன்னால் நிற்பவரை நொந்துகொள்கிறோம், நம் முறை முடிந்ததும் மறந்துவிடுகிறோம். ஆனால் ஒரு மனிதர் அந்தக் காத்திருப்பையே தம் வாழ்நாள் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டார். எத்தனை பேர் வருவார்கள், எத்தனை பேர் நிற்பார்கள், எத்தனை பேர் ஏமாந்து திரும்புவார்கள் என்பதைத் தாளில் எழுதிக் கணக்கிட்டுக் காட்டினார். அவர்தாம் டென்மார்க் நாட்டுக் கணித மேதை ஆக்னர் க்ராருப் எர்லாங்.

சென்ற பருவத்தில் நம் துறையில் நடந்த மாணவர் கருத்தரங்கில் வரிசைக் கோட்பாடு பற்றிப் பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அதற்காகப் படிக்கத் தொடங்கியபோதுதான் இந்த மனிதரின் வாழ்க்கை எனக்கு அறிமுகமாயிற்று. கணக்கைவிட அவர் வாழ்க்கை என்னை அதிகமாகக் கவர்ந்தது என்றால் அது மிகையாகாது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பிறப்பும் இளமையும்

எர்லாங் 1878ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், டென்மார்க்கின் ஜட்லாந்து பகுதியில் உள்ள லோன்போர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர். தேவாலயத்தில் எழுத்தர் பணியும் பார்த்தவர். தாயார் குருமார் குடும்பத்தில் வந்தவர். அந்தத் தாய்வழியின் முன்னோர்களுள் ஒருவர் தாமஸ் ஃபிங்கே. கோணவியலில் நாம் நாள்தோறும் எழுதும் டேன்ஜென்ட், சீகண்ட் என்னும் பெயர்களை 1583இல் வெளிவந்த நூலில் முதன்முதலாக வழங்கியவர் அவரே. நாம் பள்ளியில் பயந்து பயந்து மனப்பாடம் செய்த சொற்களுக்கு இப்படியும் ஓர் உறவுமுறை இருக்கிறது!

எர்லாங்குக்கு ஓர் அண்ணனும் இரு தங்கையரும் உண்டு. வீட்டில் ஒரு புத்தகத்தை அண்ணன் படிக்கும்போது தம்பி எதிரே அமர்ந்து, தலைகீழாகத் தெரியும் எழுத்துகளையே படித்துவிடுவாராம். புத்தகம் தம் கைக்கு வரும் வரை காத்திருக்கவில்லை அச்சிறுவர். வானநூலில் அவருக்குப் பெரும் ஆர்வம். விண்மீன்களைப் பற்றிக் கவிதைகளும் எழுதியிருக்கிறார்.

கல்வியும் வறுமையும்

தந்தையின் பள்ளியில் தொடக்கக் கல்வி முடித்தபின், தந்தையும் துணையாசிரியர் ஒருவரும் வீட்டிலேயே அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். 14ஆம் வயதில் கோபன்ஹேகன் சென்று முதல்நிலைத் தேர்வு எழுதினார். அத்தேர்வு எழுத அந்த வயது போதாது. ஆதலால் தனி அனுமதி பெற்று எழுத வேண்டியிருந்தது. எழுதி, சிறப்புத் தகுதியுடன் தேறினார்.

அடுத்து என்ன? ஊருக்குத் திரும்பி, தந்தையின் பள்ளியில் இரண்டாண்டுகள் துணையாசிரியராக இருந்தார். அந்த நாட்களில் பிரெஞ்சும் இலத்தீனும் கற்றார். மகனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பத் தந்தைக்கு ஆசை. ஆனால் கையில் பணமில்லை. அப்போது தூரத்து உறவினர் ஒருவர் முன்வந்து, தம் வீட்டில் இலவசமாகத் தங்க இடமும் உண்ண உணவும் தந்தார். அந்த ஆதரவில்தான் அவர் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குப் படித்தார். 1896இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையுடன் இடம் கிடைத்தது. 1901இல் கணிதத்தை முதன்மைப் பாடமாகவும், வானநூல், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றைத் துணைப் பாடங்களாகவும் கொண்டு முதுகலைப் பட்டம் பெற்றார்.

இந்த இடத்தில் நான் சற்று நின்றுவிட்டேன், நண்பர்களே. வயது போதாத சிறுவனுக்கு அனுமதி கொடுத்தவர் ஒருவர். பசிக்கு உணவிட்டு இடம் கொடுத்தவர் ஒருவர். உதவித்தொகை கொடுத்தது பல்கலைக்கழகம். மூன்று முறை மூன்று கைகள் அவரைப் பிடித்து வரிசையில் முன்னே நகர்த்தின. அக்கைகள் இல்லாதிருந்தால் அவர் ஜட்லாந்தின் சிற்றூரிலேயே காலம் கழித்திருக்கக்கூடும். என் தந்தையார் செங்கல் சூளைத் தொழிலாளி. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அரசுக் கல்லூரியும், விடுதியும், உதவித்தொகையும் இல்லையென்றால் நான் இந்த மலரில் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஆகவே அந்த மூன்று கைகளின் அருமை எனக்கு நன்றாகவே தெரிகிறது.

ஆசிரியப் பணி

பட்டம் பெற்றபின் ஏழாண்டுகள் எர்லாங் பல பள்ளிகளில் ஆசிரியராக இருந்தார். பட்டம் வாங்கியதோடு புத்தகத்தை மூடி வைப்பவர் பலர். அவரோ பாடம் நடத்திய நேரம் போக எஞ்சிய நேரத்தில் கணிதத்தைத் தொடர்ந்து பயின்றார். ஹைகன்ஸ் என்னும் அறிஞர் நுண்கணிதச் சிக்கல்களைத் தீர்த்த முறை பற்றி அவர் எழுதிய ஆய்வுரை பல்கலைக்கழகத்தின் பாராட்டைப் பெற்றது. டென்மார்க் கணிதச் சங்கத்திலும் உறுப்பினராக இருந்தார்.

அச்சங்கத்தில்தான் யோகான் யென்சனை அவர் சந்தித்தார். பகுப்பாய்வில் யென்சன் சமனின்மை என்று படிக்கிறோமே, அந்த யென்சனேதான். அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக இருந்தவர் அல்லர். கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் தலைமைப் பொறியாளராகப் பணியாற்றிக்கொண்டே ஓய்வு நேரத்தில் கணிதம் வளர்த்தவர். அவர் எர்லாங்கைத் தம் கம்பெனியின் நிர்வாக இயக்குநர் யோகான்சனுக்கு அறிமுகம் செய்துவைத்தார். 1908ஆம் ஆண்டு, 30 வயதில், எர்லாங் அக்கம்பெனியில் சேர்ந்தார். ஆசிரியர் ஆராய்ச்சியாளர் ஆனார்.

தொலைபேசிக் கம்பெனியில்

அந்நாளில் ஒருவர் தொலைபேசியை எடுத்தால், இணைப்பகத்தில் அமர்ந்திருக்கும் பெண்மணி கம்பியைச் செருகி இணைப்புக் கொடுக்க வேண்டும். ஓர் ஊருக்கும் இன்னோர் ஊருக்கும் இடையே சில கம்பிகளே இருக்கும். எல்லாக் கம்பிகளும் பேச்சில் இருந்தால், அடுத்து அழைப்பவர் காத்திருக்க வேண்டும். அல்லது கைவிட வேண்டும். கம்பிகளை மிகுதியாகப் போட்டால் கம்பெனிக்கு நட்டம். குறைவாகப் போட்டால் மக்களுக்குத் துன்பம். அப்படியானால் எத்தனை கம்பி போதும்? இதுதான் எர்லாங் முன் வைக்கப்பட்ட கேள்வி.

தொடக்கத்தில் அவருக்கு ஆய்வக உதவியாளர்கள் எவரும் இல்லை. நிலத்தடிக் கம்பிகளில் ஏற்படும் மின்கசிவை அளப்பதும் அவர் வேலையாக இருந்தது. ஏணி சுமக்கும் தொழிலாளி ஒருவர் துணைவர, கோபன்ஹேகன் தெருக்களில் நடந்து, சாலைக் குழிகளுக்குள் தாமே இறங்கி அளந்தார். முதுகலைப் பட்டம் பெற்றவர் குழிக்குள் இறங்குவதா என்று அவர் எண்ணவில்லை.

1909இல் அவர் முதல் கட்டுரை வெளிவந்தது. யார் எப்போது அழைப்பார் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் ஆயிரக்கணக்கானோர் ஒருவரையொருவர் சாராமல் அழைக்கும்போது, அந்தக் குழப்பத்துக்குள்ளும் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று அதில் அவர் நிறுவினார். அந்த ஒழுங்கே நாம் நிகழ்தகவுப் பாடத்தில் படிக்கும் பாய்சான் பரவல். 1917இல் வெளிவந்த கட்டுரை அவருக்கு அழியாப் புகழைத் தந்தது. இணைப்புக் கிடைக்காமல் போகும் அழைப்புகள் எத்தனை, காத்திருக்கும் நேரம் எவ்வளவு என்னும் இரண்டுக்கும் அதில் அவர் சூத்திரங்கள் தந்தார். பிரிட்டிஷ் அஞ்சல் துறை உட்பட வெளிநாட்டினரும் அவற்றை ஏற்றுப் பயன்படுத்தினர். அவர் சுருக்கமாக எழுதுபவர். நிறுவல்களை விரித்துரைக்க மாட்டார். அவருடைய கட்டுரைகளை மூலத்திலேயே படிப்பதற்காக அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஒருவர் டேனிஷ் மொழியையே கற்றார் என்பர்.

கணக்கைச் செய்து பார்ப்போம்

கணிதத் துறை மாணவன் கணக்கைக் காட்டாமல் போகலாமோ? ஒரு மணி நேரத்தில் 120 அழைப்புகள் வருகின்றன. ஒவ்வொன்றும் சராசரியாக 3 நிமிடம் நீடிக்கிறது என்று கொள்வோம். மொத்தம் 360 நிமிடப் பேச்சு. அதாவது 6 மணி நேரப் பேச்சு. ஆக, சராசரியாக 6 கம்பிகள் எப்போதும் பேச்சில் இருக்கும். இதையே இன்று 6 எர்லாங் ஏற்றம் என்கிறோம். 6 கம்பிகள் போதுமே என்று நமக்குத் தோன்றும்.

எர்லாங் முறை இது. கம்பியே இல்லாதபோது இழப்பு 1, அதாவது முழுமை. அதிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கம்பியாகச் சேர்க்க வேண்டும். முந்தைய விடையை ஏற்றத்தால் பெருக்குக; அப்பெருக்கற்பலனோடு கம்பி எண்ணிக்கையைக் கூட்டி, வரும் தொகையால் அப்பெருக்கற்பலனை வகுக்க. ஒரு கம்பிக்கு 6/7. இரண்டு கம்பிக்கு 0.72. இப்படியே சென்றால் 6 கம்பிகளுக்கு 0.265 வருகிறது. அதாவது நூற்றுக்கு 26 அழைப்புகளுக்கு மேல் வீணாகும்! 10 கம்பிகள் போட்டால் நூற்றுக்கு நான்காகவும், 12 போட்டால் ஏறத்தாழ ஒன்றாகவும் இழப்புக் குறைகிறது. சராசரியை மட்டும் நம்பித் திட்டமிட்டால் நால்வரில் ஒருவர் ஏமாறுவார் என்பது எவ்வளவு பெரிய பாடம்!

இன்னொரு வியப்பும் உண்டு. இப்படிப்பட்ட இரண்டு ஊர்களுக்குத் தனித்தனியே 10, 10 கம்பிகள் போட்டால் ஒவ்வொன்றிலும் இழப்பு நூற்றுக்கு 4.3. அதே 20 கம்பிகளை இருவரும் பொதுவாகப் பயன்படுத்தினால் இழப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. கம்பி கூடவில்லை, செலவும் கூடவில்லை; பகிர்ந்துகொண்டதால் மட்டுமே இருவருக்கும் நன்மை விளைந்தது. பகிர்ந்துண்ணும் பண்பைக் கணிதமும் பாராட்டுகிறது, பாருங்கள்!

மறைவும் புகழும்

எர்லாங் மணம் செய்துகொள்ளவில்லை.  வீடு நிறையப் புத்தகங்கள் வைத்திருந்தார். கணித அட்டவணைகள், சிறப்பாக மடக்கை அட்டவணைகள் பற்றிய வரலாற்றில் அவர் தேர்ந்தவர். ஆடம்பரம் அறியாதவர்; வறியோர்க்கு வாரி வழங்கியவர். ஏறத்தாழ 20 ஆண்டுப் பணியில் நோயென்று படுத்தவர் அல்லர். 1929 ஜனவரியில் வயிற்று நோய்க்காக அறுவை சிகிச்சை செய்துகொள்ள மருத்துவமனை சென்றார். பிப்ரவரி 3ஆம் நாள் இயற்கை எய்தினார். அப்போது அவருக்கு வயது 51.

1946இல் தொலைபேசிப் போக்குவரத்தை அளக்கும் அலகுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 1948இல் அவர் வாழ்வையும் ஆய்வுகளையும் தொகுத்துக் கோபன்ஹேகனில் நூல் வெளியிட்டார்கள். 1980களில் சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் உருவான கணினி மொழி ஒன்றும் எர்லாங் என்னும் பெயரையே தாங்கியுள்ளது.

சுவிட்சுக்குள் வாழும் எர்லாங்

கம்பி செருகும் இணைப்பகங்கள் மறைந்துவிட்டன. எர்லாங்கின் கேள்வி மறையவில்லை. 1973இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் ஆராய்ச்சி மையத்தில் பிறந்த ஈதர்நெட் முறையில், பேச்சும் படமும் கடிதமும் சிறுசிறு பாக்கெட்டுகளாக வெட்டப்பட்டு ஒரே கம்பியில் செல்கின்றன. நம் கணினி ஆய்வகத்தின் மூலையில் பச்சை விளக்குகள் மினுங்கும் பெட்டியே ஈதர்நெட் சுவிட்ச். பல கம்பிகளில் வரும் பாக்கெட்டுகள் ஒரே வெளிவழியில் போக முயலும்போது அங்கே வரிசை உருவாகிறது. அப்பெட்டிக்குள் எர்லாங் இன்றும் வாழ்கிறார்.

வழி பாதி நேரம் வேலையாக இருந்தால், ஒரு பாக்கெட் சராசரியாக இன்னொரு பாக்கெட்டை அனுப்பும் நேரம் அளவுக்குக் காத்திருக்கும். 90 விழுக்காடு வேலையாக இருந்தால் அந்தக் காத்திருப்பு 9 மடங்கு; 95 விழுக்காடு என்றால் 19 மடங்கு. வரும் நேரமும் அனுப்பும் நேரமும் எர்லாங் கருதியது போல் தற்செயலாக அமைந்தால் கிடைக்கும் விடை இது. உண்மையில் நிலைமை இன்னும் கடினமானது. 1993இல் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தார் ஈதர்நெட் போக்குவரத்தை அளந்து, பாக்கெட்டுகள் பாய்சான் ஒழுங்கில் வராமல் கூட்டங்கூட்டமாக வருகின்றன என்று காட்டினர். எனவே எர்லாங் கருதியதைவிட வரிசை சில வேளைகளில் மிக நீளமாகும்.

நீண்டால் யாருக்கு நட்டம்? ஆய்வகத்தில் ஒரு நாள் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவரின் இணையவழிச் சொற்பொழிவு நடந்தது. பின்வரிசைக் கணினிகளில் பெரிய கோப்புகள் இறங்கிக்கொண்டிருந்தன. பேராசிரியரின் குரல் துண்டுதுண்டாயிற்று. ஒரு பாக்கெட் 1500 பைட். நொடிக்கு 10 மெகாபிட் போகும் வழியில் அதை அனுப்ப 1.2 மில்லிநொடி ஆகும். முன்னால் 100 பாக்கெட் நின்றால் 120 மில்லிநொடி. குரல் 150 மில்லிநொடிக்குள் போய்ச் சேர்ந்தால்தான் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது பன்னாட்டு வழிகாட்டுதல். கோப்பு இரண்டு நொடி தாமதித்தால் எவருக்கும் தெரியாது. குரல் தாமதித்தால் பேச்சே செத்துவிடும்.

இதற்கு மருந்துதான் வகைப்படுத்துதல். சுவிட்ச் ஒவ்வொரு பாக்கெட்டின் நெற்றியையும் பார்க்கிறது. எந்தத் துளையின் வழியே வந்தது, எந்த முகவரியிலிருந்து வந்தது, எந்தச் செயலிக்கு உரியது என்று ஆராய்ந்து தரம் பிரிக்கிறது. ஈதர்நெட் குறியில் இதற்காக 3 பிட் இடம் உண்டு; ஆகவே 0 முதல் 7 வரை எட்டு வகுப்புகள். இணைய முகவரித் தலைப்பில் 6 பிட் உண்டு. அதில் 64 குறிகள் இடலாம். குரலுக்கு வழக்கமாக 46 என்னும் குறி. குறிக்கேற்பத் தனித்தனி வரிசைகளில் நிறுத்தி, குரல் வரிசையை முதலில் அனுப்புகிறது சுவிட்ச். அப்போது குரல் பாக்கெட், தனக்கு முன் புறப்பட்டுவிட்ட ஒரே ஒரு பாக்கெட் முடியும் வரை, 1.2 மில்லிநொடி காத்திருந்தால் போதும். ஆய்வகப் பொறுப்பாளர் அவ்வாறு அமைத்தபின், கோப்புகளும் இறங்கின. குரலும் தெளிவாகக் கேட்டது.

முன்னுரிமையின் அறம்

அரசு மருத்துவமனை வரிசையில் என் தாயார் பலமுறை மணிக்கணக்கில் நின்றிருக்கிறார். விபத்தில் அடிபட்டவரைத் தூக்கி வந்தால் அந்த வரிசை தானாக விலகி வழிவிடும், எவரும் முணுமுணுப்பதில்லை. ஆனால் செல்வாக்குள்ளவர் ஒருவர் பக்கவாட்டில் நுழைந்தால் வரிசையே கொதிக்கும். இரண்டும் முன்னுரிமைதான். வேறுபாடு, அடையாளக் குறியை யார் இடுகிறார், எதற்காக இடுகிறார் என்பதில் இருக்கிறது.

சுவிட்சிலும் அப்படியே. முன்னுரிமை புதிய வழியை உண்டாக்குவதில்லை. ஒருவருக்குக் குறையும் காத்திருப்பு இன்னொருவர் தலையில் ஏறுகிறது. எல்லாக் கணினிகளும் தமக்குத் தாமே உயர்ந்த குறி இட்டுக்கொண்டால் குறிக்குப் பொருளே இல்லை. ஆதலால் நல்ல அமைப்பாளர், கணினி தானே இட்டு வரும் குறியை அப்படியே நம்பாமல், நுழைவாயிலில் சரிபார்த்து மீண்டும் குறியிடுகிறார். உயர்ந்த வரிசைக்கும் ஓர் எல்லை வகுக்கிறார். கடைசி வரிசை பட்டினி கிடக்காதபடி அதற்கும் ஒரு பங்கு உறுதி செய்கிறார். தாமதத்தைத் தாங்க முடியாதவருக்கு முதலிடம். ஆனால் எவருக்கும் வழி அடைபடக் கூடாது. இதைவிடச் சிறந்த நீதி உண்டோ?

படிப்பில் சலுகை எதற்கு என்று கேட்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களுக்கு நான் எர்லாங்கின் வாழ்க்கையையே விடையாகச் சொல்வேன். வறிய வீட்டுப் பிள்ளையின் படிப்பும் அந்தக் குரல் போன்றது. உரிய காலத்தில் வழி கிடைக்காவிட்டால் பிறகு கிடைத்துப் பயனில்லை. 16 வயதில் கிடைத்த ஒரு வேளைச் சோறும் ஒரு படுக்கையும் 39 வயதில் உலகத்துக்கு ஒரு சூத்திரமாகத் திரும்பி வந்தன.

முடிவாக

நிகழ்தகவு எங்கே பயன்படப் போகிறது என்று நம்மில் சிலர் கேட்கிறோம். நம் கைப்பேசியின் ஒவ்வோர் அழைப்பிலும், ஆய்வகப் பெட்டியின் ஒவ்வொரு வரிசையிலும் அது பயன்படுகிறது. நான் படிப்பு முடித்தபின் ஆசிரியர் ஆவேனோ, வலையமைப்புத் துறையில் நுழைவேனோ, இப்போது சொல்வதற்கில்லை. எங்கே இருந்தாலும் பிறர் காத்திருப்பைக் குறைக்கும் இடத்தில் இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். நண்பர்களே, நமக்கு முன்னே வழிவிட்டவர்களை நினைப்போம். நமக்குப் பின்னே நிற்பவர்களுக்கு வழிவிடுவோம். சிற்றூர் ஆசிரியரின் மகன் எர்லாங் புகழ் ஓங்குக!